பத்து மணிக்குப் பத்து நிமிஷம்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரப் பனியன் கம்பெனி நிர்வாகத்தினருக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உங்கள் செக்கிங் டேபிளிலும் ஓவர்லாக் மிஷினிலும் கர்ப்பிணிகள் வேலை செய்கிறார்கள். கர்ப்பகாலத்தில் அவர்களுடைய ரத்தத்தில் ஏறும் சர்க்கரை பற்றியே இந்த மடல். நாங்கள் கேட்பதில் செலவு குறைவு, நேரம்தான் வேண்டும்.

ஆறாம் மாத வாக்கில் நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜென், புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களும், கூடவே ஏறும் கார்டிசாலும் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தாயின் இன்சுலினை மட்டுப்படுத்தும். இது கோளாறல்ல, குழந்தைக்குச் சர்க்கரை மிஞ்சட்டும் என்று உடம்பு செய்யும் ஏற்பாடு. ஈடுகட்டக் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. ஆகவே குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கொட்டுகிறது, குழந்தை கொழுக்கிறது. "நாலு கிலோ, நல்ல புஷ்டி" என்று சொந்தபந்தம் மெச்சும். தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. சில மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து நடுக்கம் வரலாம், வலிப்பும் வரலாம்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2007-லேயே ஆணையிட்டது. வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 100 மில்லி ரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கர்ப்பத்தை முதலில் பதியும்போது ஒரு தடவை, அதில் வரவில்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி. இரண்டாவதுதான் அதிகம் விட்டுப்போகிறது. ஹார்மோன் ஏறுவதோ அப்போதுதான். ஒரு மணி நேர பர்மிஷனில் வருகிறவர் அவசரத்தில் ஒன்றரை மணி நேரத்திலேயே ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். அல்லது குளுக்கோஸைக் குடித்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடி, டீயும் வடையும் சாப்பிட்டுத் திரும்புகிறார். அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் வேறொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே சம்பளத்தோடு அரை நாள் கொடுங்கள்.

சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டு முறையே போதும். சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால்தான் மருந்து. காலையில் கார்டிசால் உச்சத்தில் இருப்பதால் இன்சுலின் மிகவும் மந்தமாக வேலை செய்யும். நாலு இட்லியை ஒரே மூச்சில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரை, ஏழரைக்கு இரண்டும் பத்து மணிக்கு இரண்டுமாகப் பிரித்தால் அந்த அளவுக்கு ஏறாது. ஆனால் உங்கள் டீ பிரேக் பதினொன்றுக்கு. அதில் கிடைப்பதும் சர்க்கரை டீயும் பன்னும். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க விட்டால் போதும். சுண்டல், கொள்ளு, முட்டை வீட்டிலிருந்தே வரும். ராத்திரி வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் மட்டும் வேண்டாம். ராச்சாப்பாடு ஒன்பதரையைத் தாண்டினால் இந்தக் கணக்கெல்லாம் பாழ்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. வழக்கமான இன்சுலினைப் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். ஊசியை வீட்டில் போட்டுவிட்டு, கம்பெனியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வேன் ஏறுவது கூடாது. வேன் தாமதமானால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். தையல் மிஷின் முன்னால் அது நடந்தால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். 70-க்குக் கீழே போனாலோ இந்த அறிகுறிகள் தெரிந்தாலோ, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸ் பாக்கெட்டும் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் இருக்கட்டும். தகர ஷெட்டின் சூட்டில் இன்சுலின் கெட்டுப்போகும். ஆபீஸ் பிரிட்ஜில் இடம் கொடுங்கள், ஃபிரீசரில் வேண்டாம்.

வேலை போய்விடும் என்று பயந்து சர்க்கரையை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்த ஹார்மோன்கள் இறங்கிவிடும், சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கும். ஆனால் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் ஆறாவது வாரம் 75 கிராம் சோதனை மறுபடியும் உண்டு, இந்தத் தடவை வெறும் வயிற்றில். அப்போது அவர் தாய்வீட்டில் இருப்பார், மறந்துபோகும். விடுப்பு முடிந்து வேலைக்கு வருபவரிடம் பாஸ்புக் நகல் கேட்கும்போது, அந்தச் சோதனை செய்துகொண்டாரா என்றும் கேளுங்கள். செய்யவில்லையென்றால் அந்த வாரத்திலேயே ஒரு காலை நேரம் விடுங்கள்.

இப்படிக்கு,
கர்ப்பகாலச் சர்க்கரையைப் பரிசோதிக்கும் செவிலியர்களும் ஆய்வகப் பணியாளர்களும்,
திருப்பூர் வட்டாரம்