மிளகுக் கொடியின் தூரைப் பார்

தாண்டிக்குடி,
ஐப்பசி 10

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வரமுடியாமல் போனது எனக்குப் பெரிய குறைதான். இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை.

ஏற்காட்டுத் தோட்டத்தில் மிளகு இலை கறுக்கிறது, உரம் போதவில்லையோ என்று கேட்டிருந்தாய். உரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் தரையோடு ஓடும் கொடிகளையும் கீழ் இலைகளையும் பார். இது வாடல் நோயாக இருக்கலாம். அதன் கிருமி மண்ணில் இருப்பது. மழை தெறிக்கும்போது அங்கேதான் முதலில் ஒட்டும். ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடி. கறுப்பின் ஓரம், ஈரத்தாளில் மை ஊறியது மாதிரி பிசிர்பிசிராக இருந்தால் வாடல் நோய்தான், சந்தேகமே வேண்டாம். பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றால் அது பெரும்பாலும் வேறு இலைப்புள்ளி.

போன ஐப்பசியில் நான் இலையை மட்டும் பார்த்து ஏமாந்தேன். சில்வர் ஓக்கில் ஏறியிருந்த, அப்பா நட்ட கொடி. இலையெல்லாம் பச்சை. லேசாகத் தொங்கியதே என்று தூரில் மண்ணை விலக்கி நகத்தால் சுரண்டினேன். பட்டை கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. இருபது நாளில் இலையும் சரமும் உதிர்ந்து, கொடி கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது. அம்மா அந்த மரத்தடிப் பக்கமே இப்போது போவதில்லை.

அதனால் தூரைச் சுரண்டிப் பார்க்காமல் விடாதே. அழுகியதை வேரோடு பிடுங்கி எரித்துவிடு. தூரில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டு. மற்ற கொடிகளுக்கு மழை விட்ட நேரத்தில் ஒரு சத போர்டோ கலவை அடி: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. தனித்தனியாகப் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்று. கத்தியை முக்கி எடுத்தால் செம்புநிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்.

இன்னொன்று, கொடிகளுக்கு நடுவே மிளகாய் போடப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். இதே கிருமி மிளகாயையும் அழுக வைக்கும். 1922-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மிளகாய்ச் செடியில் கண்டுதான் அதற்குப் பெயரே வைத்தார்கள்.

தூரைப் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு