வீசப்போகும் அலுவலகக் கணினியில் வீட்டுத் திரையரங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும், மாதக் கட்டணமே கிடையாது" என்று சொல்லி விற்கப்படும், தொலைக்காட்சியில் இணைக்கும் கறுப்புப் பெட்டிகளை நம்மவர்கள் இன்னமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் புளோக்கில் ஒருவர் வாங்கியது சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒவ்வொரு சேனலாக நின்றது. விற்றவரின் தொலைபேசியும் நின்றது. 2021 நவம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டுத்தனமாகப் படம் காட்டுவதற்கென்றே அமைந்த பெட்டிகளை விற்பது குற்றம். தனிமனிதருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட நான் இதை எழுதவில்லை. அந்தப் பெட்டியைவிட உருப்படியான ஒன்றைப் பழைய கணினியைக் கொண்டு நாமே வீட்டில் அமைத்துக்கொள்ளலாம், அதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று சொல்லவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங் மோ கியோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உலகம் முழுவதும் ஓடிய ஹார்ட் டிஸ்குகளில் பெரும்பங்கு இந்தத் தீவிலிருந்துதான் போனது. தூசியில்லா அறைக்குள் நுழையும் முன் தலையில் பூ, முகத்தில் பவுடர், கண்ணில் மை எதுவும் இருக்கக்கூடாது. பொட்டைக்கூட எடுத்துவிட்டுத்தான் போவோம். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு குறைவு. பவுடர்த் துகள் ஒன்று விழுந்தால் டிஸ்க் காலி. அந்தப் பழக்கத்தில் வந்த கை என்பதால், பழைய கணினி எதையாவது யாராவது குப்பைத்தொட்டிப் பக்கம் கொண்டுபோனால் எனக்கு மனசு கேட்காது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டுகின்றன. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. அந்தக் குவியலில் போய்ச் சேரும் ஏழாம் தலைமுறைக் கணினிதான் படம் பார்க்க மிகவும் தோதானது! இன்றைய 4கே எனப்படும் மிகத் தெளிவான படக் கோப்புகளில் பெரும்பாலானவை ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டவை. நிறங்களை இன்னும் நுணுக்கமாகக் காட்டும் அதன் பத்து பிட் வகையைச் சிப்பே நேரடியாக விரித்துக் காட்டும் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆறாம் தலைமுறை எட்டு பிட்டோடு நின்றுவிடும். விற்பவரோ கொடுப்பவரோ "ஐ5" என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குப் பின்னால் வரும் எண் 7 என்று தொடங்குகிறதா பாருங்கள்.

எனக்குக் கிடைத்தது மருமகனின் அலுவலகத்தில் ஒதுக்கிய, ஒரு சாப்பாட்டு டப்பா அளவிலான கணினி. மூடியைத் திறந்தால் உள்ளே விசிறியில் கம்பளி மாதிரி தூசி. தூரிகையால் தட்டி, சிப்பின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்து மூடியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுச் சுழலும் தட்டில்லாத சின்ன எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று போட்டேன். அதையும் மற்ற உதிரிகளையும் சிம் லிம் ஸ்குவேரின் மேல் மாடிகளில் வாங்கினேன். எம்ஆர்டி ரோச்சோரில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. காற்றோட்டத்துக்கான துளைகளில் மெல்லிய வலை ஒட்டினேன். பல்லிக்காகத்தான். நம் வீடுகளில் வெதுவெதுப்பான எந்தப் பெட்டியையும் பல்லி தன் பிரசவ விடுதியாக்கிக்கொள்ளும்.

இயக்குவதற்கு லிப்ரெலெக் என்ற இலவச மென்பொருள். கணினியை முடுக்கினால் நேராகக் கோடி (Kodi) என்ற, படங்களை ஓட்டும் மென்பொருளின் திரைக்குப் போய் நிற்கும். மேசைத்திரை, அறிவிப்பு, பாஸ்வேர்டு எதுவும் குறுக்கே வராது. கோடி 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்டது அது. மேலே சொன்ன பெட்டிக்காரர்கள் இதன் பெயரை நாறடித்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் கோடியோடு ஒரு படம்கூட வராது. நம்மிடம் இருப்பதைத்தான் அது ஒழுங்காக அடுக்கிக் காட்டும்.

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது அலமாரி நிறைய விஹெச்எஸ் கேசட்டுகள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நடந்த எங்கள் திருமணம், பிள்ளைகளின் காதுகுத்து, கொழுந்தனார் காவடி எடுத்த தைப்பூசங்கள், தொடக்கப்பள்ளிக் கலைநிகழ்ச்சிகள். இந்த ஊர் ஈரத்தில் சில நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை பிடித்ததை அப்படியே கேசட் ஓட்டும் விசிஆரில் செருகினால் நாடாவும் கெடும், விசிஆரின் தலையும் கெடும். அவற்றை மட்டும் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினேன். மற்றவற்றை யுஎஸ்பி பதிவுக் கருவி வழியே கணினிக்கு ஏற்றினேன். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

ஏற்றிய பிறகுதான் சுவாரசியமே. தைப்பூச ஊர்வலத்தில் கேமரா மெல்லப் பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம், காவடிகள் நடக்காமல் விட்டு விட்டு எகிறின. கேசட்டிலோ கணினியிலோ கோளாறு இல்லை. இங்கே நாம் பயன்படுத்தியது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை. அதன் படம் விநாடிக்கு 50 என்ற கணக்கில் ஓடும். கணினியோ தொலைக்காட்சித் திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொண்டிருந்தது. 50ஐ 60இல் நிரப்ப வேண்டுமானால் சில காட்சிகளை இரண்டு முறை காட்டத்தான் வேண்டும். கண்ணுக்கு அது எகிறலாகத் தெரிகிறது. திரையரங்குப் படங்கள் விநாடிக்கு 24 என்பதால் அவற்றுக்கும் இதே கதி. கோடியின் அமைப்புகளில், ஓடும் படத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஒரு தெரிவு இருக்கிறது. முதலில் போட்டுத் தரும்போது அது அணைந்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டு அதே ஊர்வலத்தைப் பார்த்தபோது காவடி மயிலிறகு ஒவ்வொன்றும் அலுங்காமல் போனது. ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தொலைக்காட்சி வாங்கிவிட்டு "படம் ஏனோ உதறுது" என்று சொல்லும் வீடுகளில் பாதிக்கு மருந்து இந்த ஒரு தெரிவுதான் என்பது என் அபிப்பிராயம்.

4கே திரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தத் தலைமுறைச் சிறு கணினிகள் பலவற்றின் ஹெச்டிஎம்ஐ துளை பழைய 1.4 தரத்தைச் சேர்ந்தது. அதில் 4கே விநாடிக்கு 30க்கு மேல் போகாது. பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு படத் துளை இருந்தால், அதிலிருந்து ஹெச்டிஎம்ஐ 2.0க்குச் சமிக்ஞையைத் தானே மாற்றித் தரும் ஆக்டிவ் வகை அடாப்டர் வாங்குங்கள். ஆக்டிவ் என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் விலை குறைந்த இன்னொன்றை எடுத்து நீட்டுவார், அதில் வேலை நடக்காது.

நம் தமிழ் ஒளிவழியான வசந்தத்துக்கு வருகிறேன். 2019 பிறந்ததும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று, இப்போது எல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில்தான் வருகிறது. அந்த முறையின் பெயர் எழுதியிருக்கும், ஒளிபரப்பைப் பிடிக்கும் யுஎஸ்பி டியூனர் ஒன்றைக் கணினியில் செருகி, சன்னலோரம் சின்ன ஆன்டெனா வைத்தால் வசந்தம் உட்பட இலவச ஒளிவழிகள் கோடிக்குள்ளேயே வந்துவிடும். டிவிஹெட்எண்ட் என்ற துணைமென்பொருள் பதிவு செய்யும் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மாமியார் கோயிலிலிருந்து திரும்ப எந்நேரம் ஆனாலும் அவருடைய நாடகம் காத்திருக்கிறது. இலவசமாக, சட்டப்படி.

மாமியாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுத் திரையரங்குக் கணினி என்று எழுதுகிறவர்கள் ஒலிபெருக்கி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ரிமோட் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதிக யோசனை தேவைப்பட்டது ரிமோட்டுக்குத்தான். சாதாரணக் கணினியின் ஹெச்டிஎம்ஐ வழியே தொலைக்காட்சி ரிமோட்டின் கட்டளைகள் வந்து சேராது. ஆகவே யுஎஸ்பியில் செருகும் அகச்சிவப்பு ரிசீவர் ஒன்று வாங்கி, மாமியாரின் கைக்குப் பழகிய பழைய ரிமோட்டையே அதற்குக் கற்றுக்கொடுத்தேன். மேல், கீழ், சரி, பின்னே, சத்தம், அணை. மற்ற பொத்தான்கள் எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் மூடியாகிவிட்டது. "இப்போதான் இது மனுஷர் வெச்சுக்கிற ரிமோட்" என்றார்.

படுக்கப் போகுமுன் வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடுவது அவர் வழக்கம். அதற்கும் வழி உண்டு. கணினி முடுக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில், மின்சாரம் திரும்ப வந்ததும் தானாக முடுக்கிக்கொள்ளச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் கணினி தானே எழுந்துவிடும். ரிமோட்டில் "அணை" பொத்தானை அழுத்திய பிறகே சுவிட்சைத் தொட வேண்டும் என்பது மட்டும்தான் வீட்டுச் சட்டம். இரவில் பதிவு இருக்கும் நாள்களில் சுவிட்சின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுவேன். நாள் முழுக்க ஓடினாலும் இந்தச் சின்னக் கணினி இழுப்பது பத்துப் பதினைந்து வாட்தான். மாதத்துக்கு நான்கு வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

பொங்கோலில் மகள் வீட்டிலும் ஒன்று அமைத்தேன். அங்கே வேறு தொல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீடுகளில் இருக்கும் பாதுகாப்பறைக்குள், பாம் ஷெல்டர் என்போமே அதற்குள், வைஃபை ரூட்டரையும் கோப்புகள் வைக்கும் டிஸ்கையும் ஒளித்துவைத்திருந்தார்கள், வரவேற்பறை அழகு கெடக்கூடாதென்று. குண்டு வெடித்தாலும் தாங்கும் கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் வைஃபை எப்படித் தாண்டும்? அந்தச் சுவரில் மனம்போல ஓட்டை போடவும் அனுமதியில்லை. ரூட்டரை வெளியே கொண்டுவந்து, கணினிக்கு லேன் கேபிள் இழுத்ததும் சரியாயிற்று. அங்கேயே கம்பியில்லா விசைப்பலகையும் அடிக்கடி தடுமாறியது. யுஎஸ்பி 3.0 டிஸ்க் வெளிவிடும் மின்னிரைச்சல், விசைப்பலகை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் செருகக்கூடாது. விசைப்பலகையின் ரிசீவரை ஒரு முழக் கேபிளில் முன்பக்கம் கொண்டுவந்தால் தீர்ந்தது.

இந்தக் கணினி எல்லாவற்றையும் செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். நெட்ஃபிளிக்ஸ் போன்ற கட்டணச் சேவைகள் இதைப்போல் லினக்ஸில் ஓடும் கணினிக்குத் தங்கள் உயர்தரப் படத்தை அனுப்புவதில்லை. அவற்றைத் தொலைக்காட்சியில் உள்ள செயலியிலேயே பாருங்கள். மீடியாகார்ப்பின் மீவாட்ச் இணையச் சேவைக்கும் அதுவே சுலபம். அந்த வேலையையும் கணினியின் தலையில் கட்டப் போய்த்தான் பலர் அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நம் சொந்தப் பதிவுகள், புகைப்படங்கள், வசந்தம், இசைத்தொகுப்பு, இவற்றுக்கு இந்தக் கணினியை எதுவும் அடித்துக்கொள்ளாது. ஆனால் குடும்பப் பதிவுகளை ஒரே டிஸ்கில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். டிஸ்க் செய்த கை சொல்கிறது: எல்லா டிஸ்கும் ஒரு நாள் போகும். இரண்டாவது பிரதி ஒன்றை மகள் வீட்டில் வைத்திருக்கிறேன்.

எழுதியதன் நோக்கம் ஒரு வேண்டுகோள். சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் சமையலுக்கும் கோலத்துக்கும் வகுப்பு நடத்துகின்றன, வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மாலைப்பொழுது, கழித்த கணினியோடு வாருங்கள், திரையரங்குக் கணினியாக்கித் திருப்பி எடுத்துப் போங்கள் என்று தமிழில் ஒரு பட்டறை நடத்தலாமே? பழுதான சாமான்களை உரியவரே சரிசெய்யக் கற்றுத்தரும் ரிப்பேர் கோப்பித்தியாம் 2014 முதல் இங்கே நடக்கிறது. போய்ப் பார்த்தால் எப்படி நடத்துவது என்பது தெரிந்துவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் கிடைத்தால் போதும், வயதானவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லித்தருவார்கள். அலுவலகங்களை நடத்தும் வாசகர்கள், டிஸ்கை முறையாக அழித்துவிட்டு அந்த ஏழாம் தலைமுறைக் கணினிகளை மன்றங்களுக்குக் கொடுக்கலாம். நன்றாக ஓடும் விசிஆர் யாரிடமாவது இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டுவரட்டும். இந்தக் காலத்தில் கணினியைவிட அதுதான் கிடைப்பதற்கு அரிது.

எந்த மன்றம் ஏற்பாடு செய்தாலும் ஸ்குரூடிரைவர் பையோடு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பேரப்பிள்ளைகள் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அங் மோ கியோ