மெஸ்கீட்டும் சீமைக் கருவேலமும்: புகையிறைச்சிக்கு எந்த விறகு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே இறைச்சியைப் புகையில் வேகவைப்பது குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸில் புகழ்பெற்ற மெஸ்கீட் விறகும் நம் ஊர்ச் சீமைக் கருவேலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், கருவேலத்தை வெட்டி எரித்தாலே அந்தச் சுவை வந்துவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டங்களுக்கு நடுவே வளர்ந்து, இப்போது பல ஆண்டுகளாக டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வசித்து, வார இறுதிகளில் வீட்டுக் கொல்லையில் புகையடுப்பு மூட்டுகிறவன் நான். அந்தக் கூற்றின் முற்பாதி சரி, பிற்பாதி தவறு என்று சொல்வதற்கு எனக்குச் சிறிது உரிமை உண்டென நினைக்கிறேன்.

உறவு உண்மைதான். டெக்சாஸ் மெஸ்கீட்டைப் புரோசோபிஸ் கிளாண்டுலோசா என்றும், சீமைக் கருவேலத்தைப் புரோசோபிஸ் ஜூலிபுளோரா என்றும் தாவரவியலார் நெடுங்காலம் அழைத்து வந்தனர். அண்மையில் இரண்டையும் சேர்த்தே நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் பங்காளிகள். நம் ஊரில் கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்டதாக ஒன்றைத் திட்டுகிறோம். மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டதாக இங்குள்ள பண்ணையாளர்கள் மற்றதைத் திட்டுகிறார்கள். ஆனால், மாட்டு நெஞ்சுக்கறியைப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வைத்து எடுக்கும் நடு டெக்சாஸ் ஊர்களான லாக்ஹார்ட், டெய்லர் போன்றவற்றில் அடுப்பில் எரிவது பெரும்பாலும் மெஸ்கீட் அன்று. போஸ்ட் ஓக் எனப்படும் ஒருவகை ஓக் மரத்தையே அங்கு எரிக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டினரும் நடத்திய இறைச்சிக் கடைகளில் வளர்ந்த பழக்கம் அது. சுற்றுவட்டாரத்தில் அந்த மரம் மண்டிக் கிடந்ததே அதற்கு முதற்காரணம். மெஸ்கீட்டை விரும்புகிற லானோ பகுதியிலோ, விறகைத் தனிக்குழியில் எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மட்டும் மண்வெட்டியால் அள்ளி வந்து இறைச்சிக்கு அடியில் பரப்புகிறார்கள். புகையின் பெரும்பகுதி குழியிலேயே போய்விடுகிறது. இறைச்சிக்குக் கிடைப்பது தணலின் சூடும், அதில் சொட்டும் கொழுப்பு கருகி எழுப்பும் மணமுமே.

இந்த வேறுபாடு தெரியாமல் நானும் ஒருமுறை பட்டிருக்கிறேன். இங்கு வந்த புதிதில், ஊர்ப் பாசத்தால் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து கிலோ நெஞ்சுக்கறியை முழுக்க முழுக்க மெஸ்கீட் கட்டைகளின் புகையிலேயே விடிய விடிய வைத்திருந்தேன். காலையில் வெட்டிப் பார்த்தபோது நிறம் அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் நாக்கு மரத்துப்போயிற்று. அடுப்பங்கரை ஒட்டடையைத் தின்பது போல இருக்கிறது என்றார் என் மனைவி. அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

காரணத்தை விறகுக்குள்தான் தேட வேண்டும். மரம் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்களால் ஆனது. முதல் இரண்டும் எரியும்போது, காய்ச்சிய சர்க்கரையை நினைவூட்டும் இனிய மணமும் லேசான புளிப்பும் தோன்றுகின்றன. லிக்னின் சிதையும்போது குவயகால், சிரிங்கால் முதலிய பீனால் சேர்மங்கள் பிறக்கின்றன. புகைமணம் என்று நாம் அடையாளம் காண்பது முதன்மையாக இவற்றைத்தான். மெஸ்கீட்டில் லிக்னின் மிகுதி. அது வெகுவாகச் சூடேறி விரைவாகவும் எரியும். பத்து நிமிடத்தில் வாட்டி எடுக்கும் துண்டு இறைச்சிக்கு அந்தக் காரம் அழகு சேர்க்கும். அதே காரம் பன்னிரண்டு மணி நேரம் படிந்துகொண்டே இருந்தால் கசப்பாகிவிடும். ஆகவே எந்த மரம் உயர்ந்தது என்று கேட்பதைவிட, இறைச்சி எவ்வளவு நேரம் புகையில் இருக்கப்போகிறது என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கேற்ப மரத்தைத் தேடுவதே முறை.

நெடுநேரம் தாங்குவது ஓக். அதன் புகை நடுத்தரமானது, இறைச்சியின் சுவையை அமுக்குவதில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பன்றியின் தோள்பட்டைக் கறிக்குப் பெயர்பெற்ற ஹிக்கரி அதைவிட ஒரு படி காரமானது. அளவு மீறினால் அதுவும் கசக்கும். டெக்சாஸின் மாநில மரமான பீக்கன் ஹிக்கரியின் பேரினத்தைச் சேர்ந்ததேயானாலும் புகையில் அதைவிட மென்மையானது. எனக்குக் கைவந்த விறகு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆப்பிளும் செர்ரியும் கோழிக்கும் பன்றிக்கும் ஏற்றவை. செர்ரி தோலுக்குக் கருஞ்சிவப்பு நிறமும் தரும். சால்மன் மீனுக்கு அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர மக்கள் ஆல்டரை விரும்புகிறார்கள். ஆப்பிள் விறகில் புகைத்த கறியில் ஆப்பிள் மணக்கும் என்று பொட்டலங்களில் அச்சிடுவதை மட்டும் நம்ப வேண்டாம்; பழத்தின் மணம் கட்டையில் இருப்பதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புகை நன்றாக ஒட்டுவது குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான். எனவே சுவையின் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிடுகிறது. பிறகு இறைச்சியைத் தாளில் சுற்றிவிட்டால் விறகுக்குச் சூடு தரும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. விலையுயர்ந்த கட்டையை அப்போதும் போட்டுக்கொண்டிருப்பது வீண். வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் புகைச்சுவையின் சான்றாகக் கட்டுரை சொல்கிறது. அதுவும் சரியன்று. விறகு எரியும்போது எழும் வாயுக்களில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு, தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மரத்தின் பெயரைவிட அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதே முக்கியம் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. பச்சை விறகு எரியாமல் புழுங்கும்; தார்த்துளிகள் நிறைந்த வெண்புகையைக் கக்கும். குறைந்தது ஆறு மாதம் காய்ந்து, வெட்டுமுனையில் வெடிப்பு கண்டு, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும் கட்டையே உகந்தது. சிராய்களை ஊறவைத்துப் போடுங்கள் என்ற அறிவுரையையும் கைவிடலாம். தண்ணீர் கட்டைக்குள் ஆழமாக இறங்குவதில்லை. இறங்கிய சிறிதளவும் ஆவியாகிப் போகும் வரை அடுப்பின் சூட்டைக் குறைப்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப்புகை எழ வேண்டும் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். முதன்முதலாக இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மண் பூசிய மூட்டத்தின் மேல் வெள்ளையாகத் திரண்டெழும் புகை நாள்கணக்கில் மெலிந்து, நீலம் காட்டியதும் கரி வெந்துவிட்டது என்று எங்கள் ஊர் மூட்டக்காரர்கள் கண்டுகொள்வதைச் சிறுவனாகப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அந்த மூட்டத்திலேயே தமிழ்நாட்டு வாசகருக்கான விடையும் இருக்கிறது. கரியாகும்போதே மரத்தின் காரமான ஆவிகள் பெரும்பாலும் வெளியேறிவிடுவதால், சீமைக் கருவேலங்கரி சூட்டுக்கு மிக நல்லது. சுவையில் அது குறுக்கிடாது. அந்தத் தணலின் மேல், நன்கு காய்ந்த கொய்யாக்கட்டை இரண்டு மூன்றை அவ்வப்போது வைத்தால், கோழிக்கும் ஆட்டுத் தொடைக்கும் போதுமான புகை கிடைக்கும். ஹவாய்த் தீவுகளில் கொய்யாக்கட்டையைப் புகைக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கு தணலுக்கு எரிக்கும் கியாவே மரமும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவே என்பது வேடிக்கையான பொருத்தம்.

எதை எரிக்கக் கூடாது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வேலியோரம் கிடக்கிறதே என்று அரளிக் குச்சியைத் தொடவே கூடாது. அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. கடற்கரைக் கழிமுகங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுப்பது. அதன் புகையும் ஆகாது. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையதாகையால் அதை எரிப்பதும் தவறு. பைன் போன்ற பிசின் மரங்கள் கரியும் கசப்பும் படியவைக்கும். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பன்றித்தொடையை ஊசியிலை மரப்புகையில் பதப்படுத்துகிறார்கள் என்றாலும், அது குளிர்ந்த புகையில் வாரக்கணக்கில் நடக்கும் வேறொரு கலை. வர்ணம் பூசிய பலகை, பிளைவுட், சரக்குப் பெட்டிகளை உடைத்த கட்டை ஆகியவை அடுப்புக்கே வரக்கூடாது. சரக்குத் தட்டுகளில் எம்பி (MB) என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால், அது மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றப்பட்ட மரம் என்று பொருள்.

உடல்நலம் பற்றியும் இரண்டு வரி. புகையில் உருவாகும் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. புகையிட்ட இறைச்சியில் அது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் வரம்பு விதித்திருக்கிறது. காய்ந்த விறகும், நல்ல காற்றோட்டமும், கொழுப்பு நேராகத் தீயில் சொட்டாத அமைப்பும் அதைக் குறைக்க உதவும். கோழியின் உட்சூடு 74 டிகிரி செல்சியஸை எட்டியதா என்பதை வெப்பமானியால் பார்க்காமல் பரிமாறக் கூடாது. புகை ஏறிய தோலின் நிறம் உள்ளே வெந்ததற்கு அடையாளம் ஆகாது.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் பச்சைக் கருவேலங்கிளையையோ, வேலியில் கிடைத்த அரளியையோ அடுப்பில் வைப்பதற்கு முன், தவிர்க்க வேண்டிய மரங்களின் பெயர்களையாவது வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆஸ்டின், டெக்சாஸ்.