டயர் வேகும்வரை பொறுங்கள்: நீலகிரியின் ஜேசிபி, டிப்பர் உரிமையாளர்களுக்கும் சாலை ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள உரிமையாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் வல்கனைசிங் கடை, அதாவது கிழிந்த டயரில் ரப்பர் வைத்துச் சூட்டில் வேகவைத்து ஒட்டும் கடை, வைத்திருக்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உங்கள் வண்டிகளில் எந்த டயர் எந்த இடத்தில் கிழிந்தது என்பது எனக்குத் தெரியும். போன மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தபோது நடந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அன்று ராத்திரி என் கடையில் ஹீட்டில் இருந்த ஒரு டயரைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டு போனார்களே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

டயர் ஒட்டும் ரப்பர் காம்பவுண்ட் வாங்க நான் கீழே மேட்டுப்பாளையம் போயிருந்தேன். ரோடு அடைபட்டதால் குன்னூர் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி ஒருவன்தான். ஜேசிபியின் பின் டயர், சைடுவாலில், அதாவது டயரின் பக்கவாட்டில், கல் கிழித்த வெட்டு, பேட்ச் வைத்து ஹீட் போட்டாயிற்று, விடியும்வரை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். உங்கள் ஆட்கள் வந்து நின்றார்கள். விடியணும் அண்ணே என்று தம்பி சொல்லியிருக்கிறான். ரோடு அடைத்துக் கிடக்குது, ஆம்புலன்ஸ் போக வழியில்லை, நீ என்னடா டயர் கதை பேசுகிறாய் என்று கேட்டார்களாம். 22 வயதுப் பையன் அதற்கு என்ன பதில் சொல்லுவான்? இறக்கிக் கொடுத்தான். மாட்டிக் கொடுக்க அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழையில், டார்ச் வெளிச்சத்தில், டயருக்கு நேர் எதிரே குனிந்து காற்று பிடிக்கும்போது பேட்ச் பிய்ந்து, உள்ளே இருந்த டியூப் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி வெடித்தது. அவனுக்கு வலது கண்ணில் இன்றுவரை மங்கலாகத்தான் தெரிகிறது.

ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. பணம் கேட்டு இதை எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: டயர் வேகும்வரை பொறுங்கள். பொறுக்க முடியாத அவசரம் இந்த மலையில் ஒவ்வொரு மழைக்கும் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் மாற்று டயரை மழைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காதவர் உங்களில் ஒருவர்கூட இல்லை, அதனால் சொல்கிறேன். நாங்கள் வெட்டில் வைத்து அடைப்பது பச்சை ரப்பர். அதில் கலந்திருக்கும் கந்தகம் சூட்டில் ரப்பரோடு பிணைந்தால்தான் அது இறுகும், பழைய டயரோடு ஒன்றாகும். பொதுவாக 140, 150 டிகிரி சூடு வேண்டும், அந்தச் சூடு மேலே மட்டும் இருந்தால் போதாது, வெட்டின் அடிவரை போய்ச் சேர்ந்து அங்கே தேவையான நேரம் நிற்க வேண்டும். ரப்பரோ சூட்டைச் சுலபத்தில் உள்ளே விடாத பொருள். தடிமன் இரண்டு மடங்கானால் சூடு உள்ளே போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கார் டயர் அரை மணியில் முடிகிறதே, இதற்கு ஏன் ராத்திரி முழுக்க என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஜேசிபியின் பின் டயரான 16.9-28இல், தரையைப் பிடிக்கும் தடித்த கட்டை இருக்கும் இடத்தைக் கையால் பிடித்துப் பாருங்கள், காரின் டயர் எந்த மூலைக்கு?

சரி, சூட்டைக் கூட்டி வைத்துச் சீக்கிரம் முடி என்பீர்கள். பத்து டிகிரி கூட்டினால் வேகும் நேரம் சுமார் பாதியாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது மெல்லிய ரப்பருக்கு. தடித்த இடத்தில் சூட்டைக் கூட்டினால், அவசரத்தில் சுட்ட பணியாரம் மாதிரி மேலே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். மேல் ரப்பர் அளவுக்கு மீறி வெந்து பலம் போய்விடும், உள்ளே இருக்கும் நைலான் நூலும் சூட்டில் சுருங்கிக் கெடும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று நல்ல வேலையாகத் தெரியும். அந்த டயரைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் டிரைவர் சரிவில் ஏறி, பக்கெட் நிறைய மண்ணைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். சமதளத்தில் பின் டயர் போனால் வண்டி உட்காரும். நம் ஊர்ச் சரிவில் வண்டி கவிழும்.

ஹீட்டை நிறுத்தியதும் இறக்கிவிடலாம் என்றும் பலர் நினைக்கிறீர்கள். கூடாது. உள்ளே ஏர்பேக் என்கிற காற்றுப் பை, வெளியே கிளாம்ப், இரண்டும் ரப்பரை அழுத்திப் பிடித்திருக்கும். சூடு தணிவதற்குள் அந்த அழுத்தத்தை எடுத்தால் ரப்பருக்குள் இருக்கும் ஆவி உப்பிக் குமிழாகிவிடும். குமிழ் விழுந்த பேட்ச் தேன்கூடுதான்.

கீழே கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இதே வேலை இதைவிடச் சீக்கிரம் நடக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். நடக்கும்தான். அங்கே ஒட்டுகிற சொல்யூஷன் தடவினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே ஜூலை மாதத்தில் மேகம் கடைக்குள்ளேயே வந்து நிற்கும்போது அது சீக்கிரம் காய்வதே இல்லை, காயாமல் மூடினால் அதுவும் உள்ளே ஆவியாகிக் குமிழ் விடும். அதற்கு முன்பே வெட்டுப்பட்ட நூல் மழைத் தண்ணீரைத் திரி மாதிரி உள்ளே இழுத்து வைத்திருக்கும். அதை மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தாமல் பேட்ச் வைக்கவே கூடாது. அப்புறம் கரண்ட். மரம் விழுந்து லைன் போகாத மழைநாள் கோத்தகிரியில் உண்டா? நடுவில் கரண்ட் போனால் டயர் ஆறிவிடும், மறுபடி ஹீட் ஏறி உள்ளே போய்ச் சேர இன்னொரு முறை நேரம் ஆகும், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர முடியாது. ஜெனரேட்டர் டீசலுக்குத் தனியாகக் கேட்டால் முகம் சுளிக்கிறீர்கள். நாங்கள் நேரத்தைக் கேட்பது சோம்பலில் இல்லை என்பதைத் தயவுசெய்து நம்புங்கள்.

இன்னொன்று, இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வண்டியிலிருந்து டயரைக் கழற்றாமல், ரோட்டோரத்திலேயே, காற்று இருக்கும்போதே ஹீட் வைத்துக் கொடு என்று கேட்பதை இத்தோடு நிறுத்துங்கள். ரிம் விரிசலுக்கு டயரைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பதையும் நிறுத்துங்கள். காற்றை இறக்கிவிட்டோமே என்பது பாதுகாப்பு இல்லை. சூடு தாங்காமல் உள்ளே ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயு கிளம்பும், ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் அது அடைபட்டுக் கிடந்து, தீப்பிடித்தால் குண்டு மாதிரி வெடிக்கும். சில சமயம் வேலை முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு வெடிக்கும். டிப்பர்களின் 10.00-20 டயரில், டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் என்கிற இரும்பு வளையம் வேறு. 100 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் காற்று பிடிக்கிறோம், ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் எதிரே நிற்கும் ஆளின் தலை போகும். அமெரிக்காவில் 1980லேயே இந்த மாதிரி ரிம்முக்குக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று பிடிக்க வேண்டும், ஆள் தள்ளி நிற்கும் அளவுக்கு ஹோஸ் நீளமாக இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். நம் மலையில் எத்தனை இடத்தில் அந்தக் கூண்டைப் பார்த்திருக்கிறீர்கள்? என் கடைக்கு நான் ஆங்கிள் வாங்கி வெல்டிங் வைத்துச் செய்துகொண்டேன். உங்கள் யார்டுகளில் ஒன்றுகூட இல்லை.

அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடவும் வழியில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் உள்ளே வரும் என்று இருந்தது. 2020இல் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. ஒரு முதலாளி, ஒரு தம்பி என்று நடக்கும் எங்கள் கடைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இந்த மாவட்டத்தில் மண் அள்ளும் வண்டியை வேலைக்கு இறக்கவே அனுமதி வேண்டும், அதற்குப் பேப்பர் மேல் பேப்பர் கேட்கிறார்கள், ஆனால் அதன் டயர் எந்த நிலையில் இருக்கிறது என்று எந்தப் பேப்பரும் கேட்பதில்லை. மண் சரிந்தால் எத்தனை மணி நேரத்தில் ரோடு திறந்தது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மணிக்கணக்கு ஒப்பந்தக்காரர் தலையில் ஏறி, அவரிடமிருந்து டிரைவர் தலையில் ஏறி, கடைசியில் என் கடைத் தம்பி தலையில் வந்து விழுகிறது. 2009 நவம்பர் மழையையும் 2019 ஆகஸ்ட் மழையையும் பார்த்தவன் நான். ரோடு திறப்பது எவ்வளவு அவசரம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த அவசரத்தில் நிற்கும் வண்டிக்கு முழுசாக வெந்த டயர் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். டிப்பருக்கு ஸ்டெப்னி வைக்கிறீர்கள், ஜேசிபிக்கு யாரும் வைப்பதில்லை. விலை அதிகம், புரிகிறது. ஒரு வண்டிக்கு ஒன்று என்று நான் கேட்கவில்லை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று ஒவ்வொரு ஊரிலும் உரிமையாளர்கள் சேர்ந்து, ரிம்மோடு ஒரு பின் டயர், ஒரு முன் டயர் பொதுவில் வாங்கி வையுங்கள். யார் வண்டிக்கு டயர் கிழிந்தாலும் அதை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கட்டும், கிழிந்தது கடையில் நிதானமாக வேகட்டும். கொஞ்சம் தேய்ந்த நல்ல டயராக இருந்தாலும் போதும். அடுத்தது, கடைக்காரன் நேரம் சொன்னால் அதற்கு முன் டயரை எடுக்கக் கூடாது என்று உங்கள் சூப்பர்வைசர்களிடம் நீங்களே சொல்லி வையுங்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. ரிம்மில் உட்காரும் ஓரத்துப் பீடு கம்பி அறுந்த டயர், காற்றில்லாமல் ஓட்டிச் சைடுவால் நைந்த டயர், இவற்றைத் தேறாது என்று நாங்கள் திருப்பி அனுப்பினால் ஒட்டித் தருகிற வேறு கடையைத் தேடாதீர்கள்.

எங்கள் பக்கமும் செய்வதற்கு இருக்கிறது. வேலை முடிந்த பேட்சை, ரப்பரின் இறுக்கத்தை அளக்கும் ஷோர் மீட்டரில் அழுத்திப் பார்த்து, பக்கத்து ரப்பரின் இறுக்கம் வந்துவிட்டதா என்று உங்கள் ஆள் கண் முன்னாலேயே காட்டித் தருகிறேன், ஹீட் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், சூடு எவ்வளவு என்று பில்லிலேயே எழுதித் தருகிறேன். மற்ற கடைக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறார்கள். ஜூன் மழை தொடங்குவதற்கு முன் உங்கள் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், தம்பியையும் அழைத்து வருகிறேன். பொது டயருக்கு யார் எவ்வளவு போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். டயரை வைக்க என் கடையில் இடம் இருக்கிறது, வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு வல்கனைசிங் கடைக்காரன்