பெங்களூரு சலூன்கடைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூரிலும் விவேக் நகரிலும் ஈஜிபுராவிலும் மடிவாளாவிலும் கடை நடத்தும் நம் அண்ணன் தம்பிகளுக்கு, வணக்கம்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்து பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கும் பையன் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்கிறான்? "அண்ணே, முன்னாடி முடி ஏறுதா?" நாமும் யோசிக்காமல் சொல்கிறோம்: "போர் தண்ணி தம்பி, பெங்களூரு வந்தா எல்லாருக்கும் இப்படித்தான்." இருபது வருடமாக நான் சொன்ன பதில் இது. இனிமேல் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு பையன் 23 வயதில் என் கடைக்கு வந்தான். நெற்றியின் இரண்டு மூலையும் லேசாக ஏறியிருந்தது. தண்ணீர்மேல் பழியைப் போட்டேன். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வரும் என்று அடித்தும் விட்டேன். ஒரு எண்ணெய் பாட்டிலும் விற்றேன். மூன்று வருடம் என்னை நம்பினான். போன மாதம் வெட்டி முடித்து, பின்கழுத்தைக் காட்டக் கைக்கண்ணாடியைத் தூக்கினேன். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தது அன்றுதான். "போதும்ணே" என்றான், வேறொன்றும் பேசவில்லை. அந்த மூன்று வருடத்தை வீணாக்கியது நான்.

கடைக்கு வரும் தோல் டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் விளக்கியதை நம் சீப்பாலேயே சரிபார்க்கலாம். பிடரி முடியைப் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் நல்ல கனமாக இருக்கும். அப்புறம் நெற்றி மூலையைப் பிரியுங்கள். ஏறுகிற தலையில் அங்கே நிறையப் பூனைமுடி கலந்திருக்கும். விழுந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகிக்கொண்டே போகிறது. ஆண் ஹார்மோனிலிருந்து டி.ஹெச்.டி. என்று ஒன்று உடம்பில் உண்டாகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் அதைத் தாங்காது, பிடரி வேர்கள் தாங்கும். முழு வழுக்கையிலும் பின்னால் லாடம் போல முடி நிற்பது அதனால்தான். முடி நடுபவர்கள் அங்கிருந்து எடுப்பதும் அதனால்தான். இது அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் வரும். தண்ணீர்தான் காரணம் என்றால் பிடரி முடியும் சேர்ந்தல்லவா போயிருக்க வேண்டும்? உப்புத்தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், உடையும். நெற்றி ஏறாது.

எல்லாக் கொட்டலும் இது இல்லை. டெங்கு, டைஃபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் தானே திரும்பிவிடும். காசு அளவுக்கு வழவழவென்று ஓரிடம் மட்டும் காலியானால் அது புழுவெட்டு. நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது யாருக்கும் உள்ளதுதான்.

மருந்து உண்டு. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததால் தலைக்குத் தடவும் மருந்தானது, 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய சில வாரம் சிலருக்கு இன்னும் அதிகமாகக் கொட்டும். பையன்கள் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், விட்டால் பழையபடி போய்விடும். ஃபினாஸ்டரைடு மாத்திரை டி.ஹெச்.டி.யையே குறைக்கும். சிலருக்கு அதனால் தாம்பத்திய ஆசை குறைவதுண்டு, ஆகவே டாக்டர் இல்லாமல் கூடவே கூடாது. இருக்கிற முடியைக் காப்பதுதான் இவற்றுக்கு எளிது. சீக்கிரம் அனுப்புங்கள் என்று நான் கெஞ்சுவது அதற்காக. சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று. முடி நடும் இடத்துக்கு ஆள் அனுப்பினால் தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று என்னிடம் ஒருவர் கார்டு நீட்டினார். உங்களிடமும் வருவார்கள். யூடியூப் பார்த்துக் கற்றது போதாது, முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. அதோடு 23 வயதில் முன்னால் நட்டு, அதை அடுத்துள்ள சொந்த முடி உதிர்ந்துகொண்டே போனால் நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும். அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

வரும் செவ்வாய் கடை லீவு. டாக்டர் மாலை ஐந்து மணிக்கு என் கடைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். சீப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள்.