உன் வாசல் பனிக்கட்டிக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. முப்பது வருஷம் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தவன் திணறியதில் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

கேள்வி நியாயமானதுதான். தன்னிச்சையாக, அதாவது தானாக, நடக்கும் எதிலும் என்ட்ரோபி (மூலக்கூறுகளும் ஆற்றலும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) அதிகரிக்க வேண்டும் என்கிறது புத்தகம். டொரண்டோவில் உன் வாசலில் தேங்கிய தண்ணீரோ, யாரும் தொடாமலே ராத்திரியில் உறைந்துவிடுகிறது. ஓடித் திரிந்த மூலக்கூறுகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டால் என்ட்ரோபி குறையத்தானே செய்யும்?

குறையத்தான் செய்கிறது. ஒரு மோல், அதாவது 18 கிராம் தண்ணீர் உறைந்தால் அதன் என்ட்ரோபியில் கெல்வினுக்கு 22 ஜூல் போய்விடும். ஆனால் உறையும்போது அது 6,010 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் காற்றுக்கு என்ட்ரோபி ஏறும். எவ்வளவு என்று பார்க்க, வெப்பத்தைக் காற்றின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்துவிடு. மைனஸ் 10 டிகிரி என்றால் 263 கெல்வின், விடை 22.85. போனது 22, வந்தது 22.85. அதனால் உறைகிறது. பிளஸ் 10 டிகிரிக்குப் போட்டுப் பார், 283 கெல்வின்: 21.2தான் வரும். நஷ்டக் கணக்கு, உறையாது. 0 டிகிரியில் இரண்டும் சரிக்குச் சரி. (6,010, 22 இரண்டுமே வெப்பநிலையோடு கொஞ்சம் மாறும். உன் பரீட்சைக்கு அது வேண்டாம்.) புத்தகத்தில் 'மொத்த என்ட்ரோபி' என்றுதான் இருக்கும், அந்த 'மொத்த'வைத் தாண்டிப் போயிருப்பாய்.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, உன் துணி அலமாரி மாதிரி என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. சட்டை கலைந்து கிடப்பது கலைத்தவளின் வேலை, அதில் வேதியியல் ஒன்றுமில்லை. மூலக்கூறுகளும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவி இருக்க முடியும் என்ற எண்ணிக்கைதான் விஷயம். வியன்னாவில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் கல்லறையில், அந்த எண்ணிக்கையை என்ட்ரோபியோடு இணைக்கும் சமன்பாட்டையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் லேபுக்கு வந்தபோது, நவச்சாரம் கரைத்த பீக்கரை உன் கன்னத்தில் வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஐஸ்!" என்று கத்தினாய். அது உன் வாசலுக்குத் தலைகீழ். வெப்பத்தைப் பறிகொடுத்த சுற்றுப்புறத்துக்கு நஷ்டம், கரைசலுக்கு அதைவிடப் பெரிய லாபம். அதனால்தான் குளிர்ந்துகொண்டே தானாகக் கரைந்தது.

அப்புறம், தன்னிச்சை என்றால் வேகம் என்று எழுதிவிடாதே. அம்மாவின் வைரத் தோடு, பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டாக மாறுவதும் தன்னிச்சையான செயல்தான். இதைச் சொன்னதிலிருந்து தோட்டைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டாள். நம் ஆயுசில் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் நம்பினால்தானே.

காலையில் இறங்கும் முன் படியில் உப்பைத் தூவிவிட்டுப் போ. உப்பு பட்டால் பனி ஏன் உருகுகிறது என்பதை ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா