நுரைப்பது அழுக்கல்ல, கல்!

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. குமரி மாவட்டத்துக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்குவதும் வெள்ளையடிப்பதும் கல் கழுவுவதும் தொடங்கிவிடும். கழுவ வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பாட்டில் ஆசிட்டும் ஒரு கம்பி பிரஷ்ஷும் இருக்கும். மார்பிள் பலகைமேல் ஆசிட்டை ஊற்றியதும் வெள்ளையாக நுரை பொங்கும். அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் திருப்தி. பொங்குவது அழுக்கல்ல, கல்லேதான் கரைகிறது. மார்பிள் பதிப்பதும் பாலிஷ் போடுவதும் எங்கள் தொழில் என்பதால் இதை விளக்கமாக எழுதுகிறோம். தயவுசெய்து வெளியிடுங்கள்.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் கடற்கரைச் சிப்பியும் அதே பொருள்தான். ஆசிட் பட்டால் கரியமில வாயு வெளியேறும், அதுதான் அந்த நுரை. வழிந்தோடும் பால்போன்ற நீரில் கரைந்த கல் இருக்கிறது. கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டாக இருந்தால் பிறகு கால்சியம் குளோரைடு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்பு. சரியாக அலசப்படாமல் கல்லின் நுண்துளைகளில் தங்கினால் அந்த இடம் எப்போதும் நசநசவென்றே இருக்கும்.

பளபளப்பு என்பது மேலே பூசிய பூச்சு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் பூசப்படுவதில்லை. கல்லின் முகத்தையே படிப்படியாக மென்மையாகத் தேய்த்து, ஒளி சிதறாமல் திரும்பும்படி செய்வதுதான் பாலிஷ். ஆசிட் அந்த முகத்தை அரித்ததும் ஒளி சிதறுகிறது, வெள்ளை மங்கல் தெரிகிறது. அது கறை அல்ல, ஆகவே எந்தச் சோப்பும் அதைப் போக்காது. அழுக்கு என்று நினைத்து மறுபடி ஆசிட் ஊற்றுவதால்தான் ஒரு கையகல மங்கல் ஒரு அறை முழுவதும் பரவுகிறது.

ஆசிட் என்றால் பாட்டிலில் வருவது மட்டுமல்ல. அடுக்களையில் புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, வினிகர், மோர், குடம்புளி போட்ட மீன்கறி எல்லாமே மார்பிளுக்கு ஆசிட்தான். எலுமிச்சைச் சாறு சில நிமிடங்களிலேயே தடம் பதித்துவிடும். மார்பிள் மேடை வைத்திருப்பவர்கள் சிந்திய உடனே ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். இழுத்துத் துடைத்தால் சிந்தியது பரவும், ஒற்றி எடுப்பதே நல்லது. நாங்கள் அதிகம் பார்க்கும் சேதம் பூஜை அறையில்தான். குத்துவிளக்கை அங்கேயே உட்கார்ந்து புளி போட்டுத் தேய்ப்பார்கள். விளக்கு மின்னும், அடியில் தரை வட்ட வட்டமாக வெளுத்திருக்கும். விளக்கு தேய்க்கும் வேலையை முற்றத்துக்கு மாற்றினால் போதும். விளக்கின் அடியில் எப்போதும் ஒரு தட்டு வையுங்கள். எண்ணெய் வழிந்து கல்லுக்குள் இறங்காது, பித்தளையின் பச்சைக் களிம்பும் தரையில் படியாது.

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் விவசாயிகள் வீட்டில் இன்னொன்றும் இருக்கும். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட். அந்தக் கேனைத் திண்ணையிலோ கார் நிற்கும் இடத்திலோ வைத்தால், அடியில் கசிந்த ஈரமே மார்பிளை வளையமாக அரித்துவிடும். கேனைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, கல் தரையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் அது ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பழைய வீடுகளில் உள்ள மொசைக் தரைக்கும் இவையெல்லாம் பொருந்தும். மொசைக்கில் பதித்திருப்பது பெரும்பாலும் மார்பிள் சில்லுகள், அவற்றைப் பிடித்திருப்பது சிமெண்ட். ஆசிட் இரண்டையும் தின்னும். மொசைக் தரை குழி குழியாகப் போவதற்கு வயதைவிட ஆசிட்டே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

அடுத்த எதிரி மணல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் மார்பிள் 3தான். நம் கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலோடு கலந்து கிடக்கும் சிவந்த கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. அதே மணலில் உள்ள சிர்கான் என்ற கனிமம் 7.5. காலோடு வந்த மணல் நடக்க நடக்க உப்புத்தாள்போலத் தரையைத் தேய்க்கும். வாசல் அருகே முதலில் பாலிஷ் போவது இதனால்தான். வாசலுக்கு வெளியே ஒரு கயிற்று மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி போடுங்கள். நனைந்த கயிற்று மிதியடியை மார்பிள் மேலேயே விடக்கூடாது, தென்னை நாரின் பழுப்புச் சாயம் இறங்கிவிடும். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் போட்டால் மஞ்சள் தடம் விழும், அதை எடுப்பது மிகக் கடினம்.

தினசரிச் சுத்தம் எளிது. மென்மையான வாரியலாலோ மைக்ரோஃபைபர் துணி மாப்பாலோ முதலில் உலர்வாகத் தூசி எடுக்க வேண்டும். ஈர்க்கு வாரியல் முற்றத்துக்கு மட்டும். தூசி எடுக்காமல் ஈர மாப்பு போட்டால் மணலைத் தரையெங்கும் இழுத்துத் தேய்த்ததாகும். பிறகு 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி காரமும் புளிப்பும் இல்லாத திரவ சோப்பு. ‘நியூட்ரல்’ என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். சந்தேகமானால் புளிப்பையும் காரத்தையும் எண்ணாகக் காட்டும் பிஎச் காகிதத்தை நனைத்துப் பார்க்கலாம். 7க்குக் கீழே காட்டுவதை மார்பிளில் தொடாதீர்கள். 7 முதல் 9 வரை பயமில்லை. மாப்பைப் பிழிந்து துடைத்த பின் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, கடைசியில் உலர்ந்த துணி. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சில ஊர்களின் கிணற்று நீரிலும் போர் நீரிலும் உப்பு அதிகம். தானே காயவிட்டால் வெள்ளைப் படலம் மிஞ்சும். சோப்பை அதிகம் போட்டாலும் கடின நீரோடு சேர்ந்து பிசுக்காகப் படியும். தரை மங்கிவிட்டது என்று சிலர் வருத்தப்படுவது இந்தப் படலத்தைப் பார்த்துத்தான். வெந்நீரில் இரண்டு மூன்று முறை துடைத்தாலே அது பெரும்பாலும் போய்விடும். கறுப்பு ஃபினாயில் வெள்ளை மார்பிளைப் பழுப்பாக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். எண்ணெய் உள்ளே இறங்கி மஞ்சளாகும், தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

உண்மையான கறை வேறு. கல்லின் துளைகளுக்குள் நிறம் இறங்கியிருக்கும், தேய்த்தால் போகாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். களிமண்ணையோ கூழையோ குழைத்துக் கறைமேல் அப்பும் அந்த வேலைக்குப் பற்றுப் போடுவது என்று பெயர். தாஜ்மகாலின் மக்ரானா மார்பிளில் படிந்த மஞ்சளை எடுக்கத் தொல்லியல் துறை முல்தானி மிட்டிப் பற்றுத்தான் போடுகிறது. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையின் கல்லில் இறங்கிய கடல் உப்பை எடுக்கக் காகிதக் கூழ் ஒட்டுவதும் இதே தத்துவம்தான். ஈரம் கல்லுக்குள் போய்க் கறையைக் கரைக்கிறது. பற்று காயும்போது ஈரம் வெளியே இழுக்கப்படுகிறது, கறையும் அதோடு வந்து பற்றில் தங்குகிறது. எனவே பற்று முழுதாகக் காய்வதுதான் முக்கியம். அவசரப்பட்டு ஈரமாகவே வழித்தெடுத்தால் கறை கல்லிலேயே நின்றுவிடும்.

சாயா, காப்பி, வெற்றிலைச் சாறு, பூச்சாயம் இவற்றுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். வெள்ளைக் கயோலின் களிமண்ணோடு தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். முல்தானி மிட்டி இதற்கு வேண்டாம், அதிலுள்ள இரும்பு பெராக்சைடை வீணாக்கும். கையுறை போட்டுக்கொண்டு, கறையைவிட அரை அங்குலம் வெளியே போகும்படி கால் அங்குலக் கனத்தில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் காய இன்னொரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். மரக்கரண்டியால் வழித்து, தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். ஒரே முறையில் போகாது. மூன்று நான்கு முறை போடப் பொறுமை வேண்டும். கறுப்பு, பச்சைக் கற்களில் பெராக்சைடு நிறத்தை வெளுக்கக்கூடும், மூலையில் சோதிக்காமல் போடாதீர்கள்.

ஓணத்துக்கு அத்தப்பூ இடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தோவாளையிலிருந்து வாங்கிவரும் வாடாமல்லியின் சாயம் ஈரத்தோடு மார்பிளில் ஊதா வட்டமாக இறங்கும். தரையில் முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் பூ இடுங்கள். மஞ்சள்பொடி சிந்தினால் உலர்வாகவே அள்ளிவிடுங்கள். அதன்மேல் சோப்புத் தண்ணீர் பட்டால் காரத்தால் சிவக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாவதுபோல. மிஞ்சியதைப் பெராக்சைடு பற்று எடுக்கும். வெயில் விழும் இடமானால் வெயிலே வெளுத்துவிடும்.

எண்ணெய்க் கறைக்கு அதே கயோலினை அசிட்டோனில் குழைக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல்களைத் திறந்து, விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மெழுகு சிந்தினால் ஐஸ் கட்டி வைத்து இறுகச் செய்து, மரக்குச்சியால் பெயர்க்கலாம். கத்தி வேண்டாம். கேஸ் சிலிண்டரின் துருவளையம்தான் எங்களுக்கே தலைவலி. கடைகளில் விற்கும் துரு நீக்கிகளில் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கும். துருவோடு பாலிஷும் போகும். சிலிண்டரை வண்டியிலோ பிளாஸ்டிக் வளையத்திலோ வைப்பதே வழி.

ஆசிட் மங்கலுக்கு மருந்து மறுபாலிஷ். நகத்தால் வருடிப் பாருங்கள். விளிம்பு தட்டவில்லை என்றால் ஆழமில்லை. டின் ஆக்சைடு பாலிஷ் பொடியைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, ஈர ஃபெல்ட் துணியால் சூடேறும் அளவுக்குத் தேய்த்தால் திரும்பும். விளிம்பு தட்டினால் மெஷின் வைக்க வேண்டும். வைரத்துகள் பதித்த டைமண்ட் பேடு 400, 800, 1500, 3000 என்று வரிசையாக (எண் கூடக் கூடத் தேய்ப்பு மென்மை) தண்ணீர் விட்டுப் போகணும். வேலையை முடிக்கும் அவசரத்தில் 400க்குப் பின் நேராக 3000 போட்டால், 400 போட்ட கீறல் அடியில் அப்படியே நிற்கும். அன்று மின்னும், பக்கவாட்டு வெளிச்சத்தில் வட்ட வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு நம்பருக்கும் இடையே தரையைக் கழுவுகிறார்களா என்றும் கவனியுங்கள். முந்தைய பேடின் ஒரு துகள் போதும், புதுக் கீறல் விழ.

பாலிஷ்காரர்களே ஆக்சாலிக் ஆசிட் தூள் போடுகிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது மெஷின் பேடின் அடியில், கொஞ்சம் தண்ணீரில், தேய்க்கும் நேரம் மட்டும் இருந்து உடனே கழுவப்படுவது. கழுவாமல் விட்டால் அதுவும் அரிக்கும். விஷமும்கூட. வீட்டில் வாங்கி வைக்கவே கூடாது.

கல்லின் துளைகளை அடைக்கும் சீலர் திரவம் போட்டால் ஆசிட் தாங்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சீலர் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் கல்லில் விட்டு 15 நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால் சீலர் தேவை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்கல்லில் சீலர் போட்டால் ஈரம் உள்ளே சிக்கிக் கல் மஞ்சளாகவோ திட்டுத் திட்டாகவோ தெரியும். பிப்ரவரி, மார்ச் தான் அதற்குச் சரியான காலம்.

இனி கல்லறைகள். வெயிலும் மழையும் படும் மார்பிளில் பளபளப்பு நிலைக்காது. மழைநீரில் கரைந்த கரியமில வாயுவே மெல்ல அரித்துவிடும். புதிதாகப் பலகை வைப்பவர்கள் கிரானைட்டை யோசிக்கலாம். இருப்பதைக் காலையிலோ மாலையிலோ, கல் சூடில்லாதபோது கழுவுங்கள். முதலில் நன்றாக நனையுங்கள். நைலான் பிரஷ்ஷும் முன்சொன்ன சோப்புத் தண்ணீரும் போதும். நிற்கும் பலகையானால் கீழிருந்து மேலாகத் தேய்த்தால் அழுக்கு நீர் கோடு விழாது. எழுத்துக் குழியில் உள்ள பாசியை மூங்கில் குச்சியால் எடுங்கள். கம்பி பிரஷ் கீறுவதோடு, உதிர்ந்த கம்பித் துகள் பிறகு துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகும். பிளீச்சிங் பவுடர் விட்டுச்செல்லும் உப்பு துளைகளில் படிகமாகிக் கல்லை உதிர வைக்கும். அதை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்கே ஆபத்து. மெழுகுவர்த்தியை மணல் நிரப்பிய தட்டில் ஏற்றுங்கள்.

பங்குப் பேரவைகளுக்கும் கோயில், கல்யாண மண்டப நிர்வாகங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று. சுத்தம் செய்ய வருபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, குற்றம் அவர்கள்மேல் இல்லை. ‘மார்பிள், மொசைக்கில் ஆசிட், எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் கூடாது’ என்று தண்ணீர்க் குழாய் அருகே ஒரு பலகை எழுதி வையுங்கள். மார்பிள் விற்கும் கடைக்காரர்கள் பில்லோடு இதே வரியை அச்சடித்துக் கொடுக்கலாம். ஆசிட் பாட்டில் விற்கும் கடைகளில் ‘மார்பிள் தரையா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தால், இந்த நவம்பரிலேயே பல கல்லறைகளின் எழுத்துகள் தப்பும்.

இப்படிக்கு,
மார்பிள் பாலிஷ் தொழிலாளர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.